அப்பா ரூமில் ஒரு கூண்டு

இந்த ஊரில் குளிப்பதற்கு மண் விலைக்குக் கிடைக்கிறது. மனிதர்களுக்கு இல்லை, சின்சில்லாவுக்கு. முயல் மாதிரி உடம்பும் அணில் மாதிரி வாலும் எலி மாதிரி காதும் கொண்ட சாம்பல் நிறப் பிராணி அது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து வைத்தால் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதன் ரோமம் அத்தனை அடர்த்தி. தண்ணீர் பட்டால் லேசில் காயாது, நோய் வந்துவிடும். அதனால் ஒரு கிண்ணத்தில் மாவு போலச் சலித்த மண்ணைப் போட்டு வைக்க வேண்டும். குதித்து இறங்கி, குட்டிக்கரணம் போட்டு, வீட்டையே தூசியாக்கிவிட்டு வெளியே வரும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே ஊர் ஞாபகம் வந்தது. வாழவந்தியில் எங்கள் கோழிகள், காப்பி காயப்போடும் களத்துச் சுவரோரம் குழி பறித்து இப்படித்தான் புரளும். ஏற்காட்டு மலையை விட்டு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்தில், எங்கள் ஊர்க் காரியம் ஒன்றைச் செய்து நான் பார்த்த முதல் ஜீவன் இதுதான். அந்த ஒரு நிமிஷத்தில் என் மனசு அதைக் கோழிக் கணக்கில் சேர்த்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

பிராணியின் பெயர் பிப்போ. எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தனியாக இருந்த ஹில்டா என்கிற வயதான அம்மாவுடையது. அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க மகன் ஏற்பாடு செய்துவிட்டார். அங்கே பிராணிகளுக்கு இடமில்லை. பிப்போவின் ஜோடியான லோட்டே போன வசந்தத்திலேயே செத்துப்போயிருந்தது. யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் டீயர்ஹைமுக்கு, அதாவது கைவிடப்பட்ட பிராணிகளின் காப்பகத்துக்குப் போக வேண்டியதுதான். ஹில்டா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் பிறர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் நான். என் கையை ஒருவர் பிடித்தால் எனக்குத் தாங்காது. வாய் தானாக ‘யா’, சரி, என்றுவிட்டது. மகள் கயல் அங்கேயே குதித்தாள். என் வீட்டுக்காரர் எங்கள் மலையடிவாரத்துக் குப்பனூர்க்காரர், ஏறுவதற்கு முன் நின்று யோசிக்கிற சுபாவம். “கூண்டு?” என்று மட்டும் கேட்டார். ஹில்டாவின் கூண்டு அவர் கணவர் சுவரோடு சேர்த்து அறைந்தது. கழற்றினால் சுவரும் வரும். ஹில்டா வீட்டைக் காலி செய்வதற்குள் நாங்கள் ஒரு கூண்டு வாங்கியாக வேண்டும்.

ஹில்டா வாயாலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்தார். உயரமாக இருக்க வேண்டும், இது தாவுகிற ஜாதி. உள்ளே தட்டுகள் மரத்தில் இருக்க வேண்டும், பிளாஸ்டிக்கைக் கடித்துத் தின்றால் குடல் போய்விடும். அடியில் கம்பி வலை கூடாது, பாதம் புண்ணாகும். குளிர்ச்சியான அறையில் வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கினேனே தவிர நம்பவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கைக்குழந்தையையே தள்ளுவண்டியில் போட்டுப் பனியில் தூங்க வைக்கிறவர்கள். குளிர் விஷயத்தில் இவர்கள் பேச்சைக் கேட்டால் உருப்படுமா என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் குளிர்ச்சியான அறை என்றால் ஒன்றுதான் உண்டு, வடக்குப் பார்த்த சின்ன அறை. அதற்கு அப்பா ரூம் என்று பெயர். அம்மா இறந்ததும் அப்பாவை அழைத்து வந்து கொஞ்ச நாளாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் ஒரு கட்டில் போட்டு, தடிமனான கம்பளி வாங்கி வைத்தோம். பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. “காப்பிப் பழம் முடியட்டும் கண்ணு”, “மொளகு முடியட்டும் கண்ணு” என்று அவர் தள்ளிக்கொண்டே போனார். அந்தக் கட்டிலில் இதுவரை யாரும் படுத்ததில்லை. அந்த அறையில் கூண்டை வைப்பதைப் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை.

கடைக்குப் போனோம். முயல் கூண்டு தரையோடு தரையாகக் கிடந்தது. கிளிக் கூண்டு உயரம்தான், ஆனால் குறுகல். எலிக் கூண்டில் தட்டெல்லாம் பிளாஸ்டிக். சின்சில்லாவுக்கென்றே செய்த, ஃபோலியேரே என்கிற பெரிய கூண்டு ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்குப் பீரோ மாதிரி நின்றது. விலையைப் பார்த்ததும் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மீன் தொட்டியைப் பார்க்கப் போய்விட்டார். அதே மரத்தட்டுகளோடு, அதில் பாதிகூட இல்லாத ஒரு குட்டிக் கூண்டு ஓரத்தில் இருந்தது. விற்பனைக்கு நின்ற இளைஞனிடம், “சின்னதுதான் வேண்டும், அப்போதுதான் குளிராது” என்று எனக்கு வந்த ஜெர்மனில் சொன்னேன். அவன் என் கோட்டைப் பார்த்தான், ஷூவைப் பார்த்தான். குரலைத் தணித்துக்கொண்டு, அடுத்த மாதம் தள்ளுபடி வரும், தவணையிலும் கட்டலாம் என்றான். எனக்குச் சுருக்கென்றது. கையில் காசில்லாமல் குளிரைச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான் பாவி. காசும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது பொய் இல்லை.

அன்று எதையும் வாங்காமல் வந்து, மத்தியானம் அப்பாவிடம் வீடியோவில் பேசினேன். அங்கே சாயங்காலம். கடையில் எடுத்த இரண்டு கூண்டுப் படங்களையும் அனுப்பியிருந்தேன். பெரியதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு.

“அத்தாம்பெருசு எதுக்கு கண்ணு? ஒண்ணே ஒண்ணு, அதுக்குள்ள வெறச்சுப் போயிருமல்ல. கூண்டு அடக்கமா இருந்தாத்தான் குளுரு தாங்கும். நம்மூட்டுக் கூண்டு மறந்துபோச்சா?”

மறக்குமா? எஸ்டேட்டில் நிழலுக்கு வளர்க்கிற சில்வர் ஓக் மரத்தின் கழிவுச் சட்டங்களை வாங்கி வந்து அப்பாவே அடித்த கூண்டு அது. கோழிகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவுதான் இருக்கும். சேவல் கழுத்தை நீட்டினால் தலை இடிக்கும். சாயங்காலம் பள்ளத்திலிருந்து பனி ஏறி வரும்போது, கூண்டைச் சுற்றிக் காப்பிச் சாக்கைப் போர்த்திக் கயிறு கட்டுவோம். குளிருக்கும் ஆச்சு, மரநாய்க்கும் ஆச்சு. எங்களுக்கும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். கூலிக்காரர்களுக்கு எஸ்டேட் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் ஒரே அறை. அப்பா ஒரு ஓரம், அம்மா ஒரு ஓரம், நடுவில் நாங்கள் மூன்று பேர். விடிந்து கதவைத் திறந்தால் எங்கள் மூச்சே புகையாக வெளியே போகும். சின்ன இடம் என்றால் எனக்கு அது வறுமையாக ஒருநாளும் தோன்றியதில்லை, கதகதப்பாகத்தான் இருந்தது. பிறகு நாங்கள் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனோம். அப்பாவும் அம்மாவும் வாழவந்தியிலேயே சொந்தமாக ஒரு வீட்டுக்கு வந்தார்கள். நான் இங்கிருந்து பணம் அனுப்பி அதில் பெரிய கூடம் இழுத்துக் கட்டினேன், விடுமுறைக்கு எல்லோரும் வந்தால் படுக்க இடம் வேண்டுமே என்று. கூடத்துக்குப் பளபளவென்று டைல்ஸும் போட்டோம். அம்மா அந்தக் கூடத்தில் அதிக நாள் நடமாடவில்லை.

ஆக, குட்டிக் கூண்டையே வாங்கி வந்தோம். ஹில்டா வந்து பார்த்தார். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது வழியில் கொண்டுபோவதற்கா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். ஆஸ்பத்திரிப் பேச்சுக்கு மேல் விளக்கிச் சொல்ல எனக்கு ஜெர்மன் வராது. அவரை மகன் காரில் ஏற்றிய அன்று, கண்ணாடியை இறக்கிப் பிப்போவுக்குத்தான் கை காட்டினார்.

மறுநாள் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் கூண்டைக் கூடத்து ஹைட்சுங் பக்கம் நகர்த்தினேன். சுவரோரம் இருக்கும் சூடேற்றி அது. அப்பா ரூமில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து வந்து மூன்று பக்கமும் போர்த்திக் கயிறும் கட்டினேன். அத்தனை அருமையாக முடிச்சுப் போட்டேன். என் அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள்.

மத்தியானம் திரும்பி வந்து கம்பளியை விலக்கினால் பிப்போ பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. காதுகள் ரத்தச் சிவப்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.  குளிரில் விறைத்துவிட்டது என்று நினைத்து, இன்னும் ஒரு துணியைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன், கேளுங்கள். பிராணி மருத்துவர் ஒரு நடுவயதுப் பெண். முதல் காரியமாக அந்தத் துணியைப் பிடுங்கி எறிந்தார். ஈரத்துணியைக் காதோரம் வைத்து, குளிர்ந்த கல்லின் மேல் அதைப் படுக்கவைத்தார். இது ஆண்டீஸ் மலையின் உச்சிப் பாறைகளில் வாழ்கிற பிராணி, சூடுதான் இதைக் கொல்லும் என்று நிதானமாக விளக்கினார். குளிருமே என்று போர்த்தினேன் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “குளிர்வது இதற்கில்லை, உங்களுக்கு” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. இரக்கமாகச் சொன்னார். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். பிராணிக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார்.

பிப்போ பிழைத்துக்கொண்டது. அந்த வாரமே வீட்டுக்காரர், பழைய சாமான் விற்கிற ஒரு செயலியில் நாளெல்லாம் தேடி, பக்கத்துக் கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டிலிருந்து பழைய ஃபோலியேரே ஒன்றைப் பிடித்துவிட்டார். எங்கள் கைக்கு அடங்கிய விலை. என்னைவிட உயரம். கம்பியில் அங்கங்கே சாயம் போயிருந்தாலும், உள்ளே மரத்தட்டுகள் படிக்கட்டு மாதிரி உறுதியாக இருந்தன. அதை வைக்க வீட்டில் ஒரே இடம்தான். வெயில் படாத, சூடேற்றியை அணைத்து வைக்கக்கூடிய இடம். அப்பா ரூம்தான். வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றார். “கழட்டுங்க” என்றேன். கட்டிலைக் கழற்றி, புதிதாக வந்த ஒரு கேரளத்துக் குடும்பத்துக்குக் கொடுத்தோம். அன்று எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. கயலை ஒன்றுமில்லாததற்குத் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கயல்தான் தாத்தாவைக் கூப்பிட்டாள். கூண்டை மேலிருந்து கீழ்வரை காட்டினாள். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“அது எந்த ரூமு கண்ணு?”

நான் வாயைத் திறப்பதற்குள் கயல் போட்டு உடைத்துவிட்டாள். “உங்க ரூம்தான் தாத்தா.”

அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மாறவில்லை. “இருக்கட்டும் சாமி. அதாச்சும் இருந்துட்டுப் போகுது” என்றார். அது எனக்கு இன்னும் வலித்தது. கயல் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மண் கிண்ணம் எடுக்கப் போனாள். அப்பா குரலைத் தணித்துக் கேட்டார்.

“ஒத்தையில இத்தாம்பெரிய கூண்டுக்குள்ள அது என்ன பண்ணுது கண்ணு?”

உண்மையைச் சொன்னேன். மேல்தட்டுகளுக்கு அது போவதே இல்லை. அடித்தட்டின் ஒரு மூலையில், சுவரை ஒட்டி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஜோடி சேர்க்கலாம், ஆனால் வயசான பிராணி புதிதாக வந்ததை ஏற்குமோ, கடித்துக் குதறுமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். “அப்பிடித்தான் இருக்கும்” என்றார் அப்பா, தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

அடுப்பைப் பார்க்க எழுந்தவர், போனை எதன் மேலோ சாய்த்து வைத்தார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்தது தெரிந்தது. கூடத்தின் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கயிறு கட்டி, காப்பிச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தார். இந்தப் பக்கம் அடுப்படியை ஒட்டி ஒரு பாய், ஒரு செம்பு, அவருடைய ஸ்வெட்டர். அவ்வளவுதான்.

“அது என்னங்கப்பா, பின்னால?”

அவருக்குக் கொஞ்சம் கூச்சம். திரும்பி அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஊடு நொம்பப் பெருசாப் போச்சு கண்ணு. உங்கொம்மா இருந்தா தெரியாது. ஒருத்தனுக்கு இம்புட்டுப் போதும்.”

‘கிளம்பி வாங்கப்பா’ என்று நாக்கு நுனிவரை வந்தது. நான் நின்றிருந்தது அவருடைய அறை. கட்டில் இருந்த இடத்தில் கூண்டு நின்றது. வந்தால்தான் என்ன? பகலெல்லாம் நாங்கள் மூவரும் வெளியே. இந்த வீட்டிலும் அவர் ஒரு மூலையைத் தேடித்தான் உட்காருவார். நான் போய் அவரோடு இருக்கலாம், இருக்க மாட்டேன். என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக இருந்தது.  அப்பாவின் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் வெளுத்துக்கொண்டு வந்தது. பள்ளத்திலிருந்து பனி ஏறுகிறது.

“சாக்கை நல்லா இழுத்துக் கட்டுங்கப்பா,” என்றேன். “பனி ஏறுது.”

“கட்டறஞ் சாமி” என்று எழுந்து போனார். ஓரத்தில் விலகியிருந்த சாக்கை இழுத்து ஆணியில் மாட்டினார். எல்லோரும் வந்தால் படுக்கட்டும் என்று நான் கட்டிய கூடம் அதற்குப் பின்னால் மறைந்தது. கூண்டின் அடித்தட்டில் பிப்போ இன்னும் கொஞ்சம் மூலைக்கு நகர்ந்து உட்கார்ந்தது.