பழுது பார்க்கப் போக முடியாத தூரம்

கணவரின் காரியம் முடிந்த மறுவாரமே வேலையை எடுத்துக்கொண்டேன். விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றிய ஒரு படத்துக்குத் தமிழில் உரை எழுத வேண்டும். கேளம்பாக்கம் வீட்டில் மடிக்கணினி முன் உட்கார்ந்து, ஒன்றுமில்லை என்று நினைத்த துளி வானத்தில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் தெரிந்ததை எழுதினேன். ஆச்சரியக்குறி போட வேண்டிய இடம். முற்றுப்புள்ளி வைத்தேன்.

அன்று செங்கல்பட்டிலிருந்து கொழுந்தனார் வந்தார். வேன் ஓட்டுகிறவர். கொண்டுவந்த அரிசியை இறக்கி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"இன்னா அண்ணி இது, தேன்கூடு மாதிரி கீது?"

புதிய தொலைநோக்கியின் கண்ணாடி என்றேன். நம் கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியை அது வாங்கும்; தூசி மேகத்துக்குள் நட்சத்திரம் பிறப்பதைக்கூடப் பார்க்கும் என்று, எழுதியிருந்ததையே ஒப்பித்தேன். அவர் கேட்டது வேறு.

"ரிப்பேர் ஆனா ஆளு போவாங்களா?"

பழைய தொலைநோக்கிக்குப் போனார்கள். அதன் கண்ணாடியைத் தவறாகத் தேய்த்திருந்ததால் படங்கள் மங்கலாக வந்தன; ஆட்கள் மேலே போய்ச் சரிசெய்தார்கள். இது பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, யாரும் போக முடியாது என்றேன்.

"அண்ணனுக்கு ஆஸ்பத்திரி பக்கத்துலயேதான் இருந்துச்சு," என்றார்.

ஆமாம் என்றேன். அலுவலகத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை உடனே கொண்டுபோய்விட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. அதை நினைத்தபோதும் எனக்குள் எதுவும் அசையவில்லை.

வெளியே போய் வரலாம் என்று வற்புறுத்தி, சதுரங்கப்பட்டினம் கடற்கரைக்கு வேனில் கூட்டிப்போனார். வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தோம். அழுகை வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பசித்தது. சொன்னேன். பரோட்டா வாங்கித் தந்தார். கணவர் போனபிறகு முதல்முறையாக முழுதாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கடைசிப் பகுதியை எழுதினேன். அண்டத்தின் தொடக்க காலத்திலேயே, கணக்குகள் சொன்னதைவிடப் பெரிய, பிரகாசமான மண்டலங்கள் இருந்திருக்கின்றன. ஏன் என்று இன்னும் முழுதாகப் புரியவில்லை. இதை இப்படியே விட்டுவிடலாமா, ஏதாவது நம்பிக்கையாக முடிக்கலாமா என்று தயாரிப்பாளர் தொலைபேசியில் கேட்டார்.

புரியவில்லை என்பதே இருக்கட்டும் என்றேன். அவரும் சரி என்றார்.