வேனில் ஏறும்முன் ஒரு கேள்வி

புக்கிட் பெலண்டோக் ஊரில் புஷ்பவள்ளியின் பள்ளி வேன் வருவதை யாரும் ஹாரன் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வதில்லை. ஹாரன் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. அவளும் சரிசெய்யவில்லை, அந்த வாய் இருக்கும்போது ஹாரன் எதற்கு? செம்பனைக் காட்டு முனையில் வேன் திரும்பும்போதே, "ஃபெலிசியா! இன்னுமா தலை சீவுற? ஸ்கூல் கேட்டைப் பூட்டிருவான்!" என்று ஒரு சத்தம் கேட்கும். ஃபெலிசியா மட்டுமா வருவாள்? நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த பக்கத்து வீட்டு மனுஷனும் அலறியடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார்.

தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்தாள். அங்கே பேசக்கூடாது என்று சட்டம். புஷ்பவள்ளிக்கு அது ஜெயில். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள், இவள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கணவன் சன்னாசியிடம் ஒரு பழைய வேன் வாங்கித்தரச் சொன்னாள். எண்ணெய் ஆட்டும் செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் சன்னாசி வாய் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும். அவரும் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளை ஏற்றுவதும் இறக்குவதும் திட்டுவதும் அவள் தொழில். திட்டுவதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அந்த வேனில் ஒரு சட்டம் உண்டு. கதவருகே நின்று ஒவ்வொரு பிள்ளையையும் புஷ்பவள்ளி கேட்பாள்: "ஒண்ணுக்குப் போயிட்டு வந்தியா?" பதில் சொன்னால்தான் ஏறலாம். ஒருமுறை செம்பனைக் குலை ஏற்றிய லோரி சடக்கின் குறுக்கே கவிழ்ந்து, வேன் நகர முடியாமல் நின்றுவிட்டது. எல்லோரையும்விடச் சின்னவனான கீத், "ஆண்ட்டி, வருது… ஆண்ட்டி, வருது" என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைக் கழற்றி வெயிலில் வைத்துக் காயவைத்து நாற்றம் போவதற்குள் புஷ்பவள்ளிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தச் சட்டம். அப்பா அம்மா நின்றாலும் சரி, தலைமை ஆசிரியர் நின்றாலும் சரி, கேள்வி கேள்விதான்.

தன்னை மட்டும் அவள் கேட்டுக்கொள்வதில்லை. காலையில் அரை கப் கோப்பி, அதோடு சரி. தண்ணீர் குடித்தால் வழியில் எங்கே போவது? ஸ்கூல் கக்கூஸ் டீச்சர்மாருக்கு, பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடை கக்கூஸ் எப்போதும் பூட்டு. தண்ணி குடிம்மா, தண்ணி குடிம்மா என்று கிளினிக்கில் டாக்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

இப்படி இருந்தவளைப் பந்து விளையாட்டுப் பைத்தியமாக்கியது ஃபெலிசியா. பதினொரு வயசு, வேனில் பின்சீட்டு ராணி. போர்ட்டிக்சனில் ஆடும் லிங்கி யுனைடெட் கிளப் சின்னப் பிள்ளைகளுக்கு சீசன் பாஸ் விற்கிறது என்று போனில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சீசன் முழுக்கப் பார்க்கலாம், விலை கோழி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்றின் விலைதான். ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளைகளோடு ஒரு பெரியவர் வரவேண்டும். பெரியவருக்கு இலவசம். சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோரெல்லாம் ஓவர்டைமில் இருப்பார்கள். வேறு யார் இருக்கிறார்கள்?

"ஆண்ட்டி, ப்ளீஸ் லா."

"போடீ. ஒரு பந்துக்கு அத்தனை ஆம்பளைங்க அடிச்சிக்கிறானுங்க, அதப் பாக்க நான் வேற வரணுமா? ஆளுக்கொரு பந்து வாங்கிக் குடுத்தா தீந்துது!"

வேன் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அதுகளுக்கும் சனிக்கிழமையானால் போனும் சுவரும்தானே. சரி, கொண்டுபோய் விட்டுவிட்டு வேனிலேயே படுத்துத் தூங்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஒத்துக்கொண்டாள். வாசலில் நின்ற காவல்காரர் விடவில்லை. பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்தே ஆகவேண்டுமாம். கோல் கம்பத்துக்குப் பின்னாலேயே பிள்ளைகளின் இடம். கச்சான் கடலைப் பொட்டலத்தோடு, வேண்டாத கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. லிங்கியின் ஏழாம் நம்பர்க்காரன் பந்தை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான், பழக்கதோஷம்.

"டேய் ஏழு! எங்கடா பராக்கு பாக்குற?"

அந்தப் பையன் நிஜமாகவே திரும்பிப் பார்த்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஃபெலிசியாவுக்கு ஒரு பொறி தட்டியது. அடுத்த ஆட்டத்துக்குள் வேன் திட்டெல்லாம் ஸ்டேடியம் கோஷமாகிவிட்டது. கைதட்டலோடு, தாளத்தோடு. எதிரணிக்காரன் அடிபட்டதுபோல் புல்லில் உருண்டால், "அழுவாத! அழுவாத! அம்மாகிட்ட சொல்லிருவேன்!" பந்தைத் தடுக்க ஆட்டக்காரர்கள் சுவர் மாதிரி நின்றால், "வரிசையா நில்லு! தள்ளாத!" சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகிறவனுக்கு, "பைய மறக்காம எடுத்துக்கிட்டு எறங்கு!"

புஷ்பவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. தான் பேசாமல் இருக்கத்தான் அத்தனை வருஷம் தொழிற்சாலையில் சம்பளம் கொடுத்தார்கள். இங்கே தன் பேச்சை ஒரு கூட்டமே பாடுகிறது! செவ்வாய்க்கிழமையே சனிக்கிழமையை நினைக்க ஆரம்பித்தாள். "ஆஃப்சைட்டா இல்லையா, நீங்களே சொல்லுங்க" என்று சன்னாசியிடம் சண்டைக்குப் போனாள். அவர் என்ன சொல்வார், பாவம்.

வினை கெரியான் ரோவர்ஸ் ரூபத்தில் வந்தது. பேராக்கிலிருந்து வந்த அணி. ஆட்டம் முடியப்போகும் நேரம், யாரும் கோல் போடவில்லை, கெரியானுக்குப் பெனால்டி. உதைக்க வந்தவன் ஒன்பதாம் நம்பர் திருச்செல்வம். பந்தை வைத்தான். பின்னால் நடந்தான். ஸ்டேடியமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஒரு கோஷத்தை இதற்காகவே பத்திரமாக எடுத்து வைத்திருந்ததுபோல ஃபெலிசியா கையைத் தூக்கினாள். மொத்த வேனும் ஒரே குரலில் கேட்டது:

"ஒண்ணுக்குப்! போயிட்டு! வந்தியா?"

திருச்செல்வம் நின்றான். முகம் ஒரு மாதிரி ஆனது. ஓடிவந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே, கூரைக்கு மேலே போய், வெளியே சாத்தே இறைச்சி சுட்டு விற்கிறவரின் அடுப்புப் பக்கம் விழுந்தது. அடுத்த நிமிஷமே ஆட்டம் முடிந்தது; அவன் யாரிடமும் கை கொடுக்காமல் உள்ளே ஓடிவிட்டான். திரும்பிப் போகும்போது வேனில் இருந்த கும்மாளத்தைச் சொல்லி முடியாது.

திங்கட்கிழமை கிளப்பிலிருந்து போன் வந்தது. பிள்ளைகள் ஆபாசமாகக் கத்தினார்களாம். தமிழ் தெரியாத கெரியான் மேனேஜர் புகார் கொடுத்திருக்கிறார். என்ன சொன்னார்கள் என்று தம் ஆட்டக்காரனைக் கேட்டால், அவன் முகம் சிவந்துபோய் வாயே திறக்கவில்லையாம். சொல்லவே கூசுகிற மாதிரி அப்படி என்ன கெட்ட வார்த்தை? புதன்கிழமை விசாரணை. புகார் உண்மையென்றால் பாஸ் எல்லாம் ரத்து; பிள்ளைகள் இனி ஸ்டேடியம் பக்கமே வரமுடியாது.

மறுநாள் காலையில் வேனில் ஒரு சத்தம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எவனும் கை நீட்டவில்லை. எவளும் எவள் முடியையும் இழுக்கவில்லை. திட்டுவதற்கு ஒன்றுமே கிடைக்காமல் புஷ்பவள்ளி தவித்துப்போனாள். கீத் மட்டும் மெல்லக் கேட்டான்: "ஆண்ட்டி, நம்ம என்ன தப்பா கேட்டோம்?"

"நீங்க ஒண்ணும் தப்பா கேக்கல, அய்யா. என் வாயிலேர்ந்து வந்ததுதான் எல்லாம்" என்றாள். பிள்ளைகளுக்கென்று ஒரு சனிக்கிழமை கிடைத்தது, தனக்கும்தான் கிடைத்தது. அதைத் தன் வாயே கெடுத்துவிட்டதே என்று இரவெல்லாம் புரண்டாள். சன்னாசி அதிசயமாக வாய் திறந்தார். "உள்ளத உள்ளபடி சொல்லு" என்றார். அன்றைக்கு மழையும் பெய்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் ஃபெலிசியாவையும் கீத்தையும் ஏற்றிக்கொண்டு போனாள். கிளப் ஆபீசில் குளிர்சாதனம் ஊசியாய்க் குத்தியது. நீள மேசை. அதன் ஒரு முனையில் கிளப் அதிகாரி என்சிக் ஜமில். பெரிய உருவம், பெரிய மீசை. ஒரு பக்கம் கெரியான் மேனேஜர், கோச்சும் அவர்தான். அவர் பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் திருச்செல்வம். புஷ்பவள்ளி பயத்தில், முன்னால் வைத்த தே தாரேக் டீயைக் குடித்தாள். இன்னொன்று வைத்தார்கள். அதையும் குடித்தாள்.

"பிள்ளைகள் என்ன கத்தினார்கள்?" என்று என்சிக் ஜமில் மலாயில் கேட்டார்.

ஊரையே எழுப்பும் வாய் ஒட்டிக்கொண்டது. இத்தனை ஆம்பளைகள் நடுவே அதை எப்படிச் சொல்வது? ஃபெலிசியா மேசைக்கடியில் அவள் கையைப் பிடித்தாள். சரி, வருவது வரட்டும் என்று புஷ்பவள்ளி எழுந்து நின்று, காலையில் வேன் கதவருகே கேட்கும் அதே குரலில், அதே கேள்வியை மலாயில் கேட்டாள்:

"டா கென்சிங் கெ பெலும்?"

வாசலில் நின்ற காவல்காரர், "ஏற்கெனவே போய்ட்டு வந்துட்டேன், அக்கா" என்று பயந்து பதில் சொன்னார்.

"அவ்வளவுதானா?" என்றார் என்சிக் ஜமில்.

"அவ்வளவுதான், துவான்." பிறகு வாய் திறந்துகொண்டது. லோரி கவிழ்ந்தது, கீத் நனைத்தது, சீட்டு காய்ந்தது எல்லாம் கொட்டினாள். கீத் மானம் போய் மேசைக்கடியில் பதுங்கினான். என்சிக் ஜமிலின் மீசை ஆடியது. இருமுவதுபோல் கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

கெரியான் மேனேஜர் விடவில்லை. "இதற்காகவா ஒரு பெரிய ஆட்டக்காரன் பெனால்டியைக் கூரைக்கு மேலே உதைப்பான்? நான் நம்பமாட்டேன்."

எல்லோரும் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள். அவன் காது நுனிவரை சிவந்தது.

"போகல, கோச்" என்று மலாயில் சொன்னான்.

"என்ன போகல?"

"அன்னைக்கு. ஆட்டத்துக்கு முன்னால. நேரம் ஆச்சுன்னு நீங்க அவசரப்படுத்துனீங்க, போகாமலே எறங்கிட்டேன். ஓடுறப்ப மறந்துருந்துச்சு. பந்த வச்சப்ப அவங்க கேட்டாங்களா… உடனே வந்துருச்சு, கோச். கோல் எங்க இருக்குன்னே தெரியல. கக்கூஸ் எங்க இருக்குன்னுதான் தெரிஞ்சுது."

அதற்குமேல் என்சிக் ஜமிலால் தாங்க முடியவில்லை. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வர. கெரியான் மேனேஜரும் எவ்வளவு நேரம்தான் விறைத்துக்கொண்டிருப்பார்? தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாஸ் எல்லாம் செல்லும், சனிக்கிழமை பிள்ளைகள் வரலாம் என்று தீர்ப்பானது. "ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்" என்றார் என்சிக் ஜமில். "நம்ம பையன்கள் பெனால்டி உதைக்கும்போது தயவுசெய்து கேட்காதீர்கள்."

ஃபெலிசியா கீத்தை இழுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினாள். ஓட்டமா அது, பறந்தார்கள். புஷ்பவள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை. கதவருகே நின்று வழக்கம்போல் இருவரையும் கேட்டாள், பதில் வாங்கினாள், ஏற்றினாள். ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து சாவியைத் திருகும்போது யாரோ ஓடிவரும் சத்தம். திருச்செல்வம்.

"ஆண்ட்டி, மன்னிச்சுக்குங்க. நான் அன்னைக்கே சொல்லிருக்கணும். வெக்கமா இருந்துச்சு." ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாகான் செராய்ல எங்க தோட்டத்துக்கும் ஒரு வேன் ஆண்ட்டி இருந்தாங்க. இதே கேள்வி, இதே ராகம். எப்படித்தான் எல்லா வேன் ஆண்ட்டியும் ஒண்ணாவே கேக்குறீங்களோ!"

"ஏன்டா, அந்த ஆண்ட்டி கேட்டும் உனக்குப் புத்தி வரலையா? எறங்குறதுக்கு முன்னால போய்ட்டு எறங்க வேண்டியதுதானே!"

"இனிமே போறேன், ஆண்ட்டி." சிரித்தான். நகரப் போனவன், என்னமோ நினைத்துக்கொண்டு திரும்பினான். "புக்கிட் பெலண்டோக் வரைக்கும் போகணுமே. வர்றப்பவே லுக்குட் ரோட்டுல வண்டி ஜேம் இருந்துச்சு. நீங்க போய்ட்டு வந்தாச்சா?"

புஷ்பவள்ளி சாவியிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை வருஷமாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கேட்டிருக்கிறாள். தன்னை இந்தக் கேள்வி ஒருத்தரும் கேட்டதில்லை. பெற்ற தாய்கூடக் கேட்டதாக ஞாபகம் இல்லை. இரண்டு தே தாரேக் வயிற்றுக்குள் முட்டிக்கொண்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டும் சேர்ந்து வந்தது.

"பதில் சொல்லுங்க ஆண்ட்டி, அப்பத்தான் வேன் கெளம்பும்!" என்று பின்னாலிருந்து கீத் கத்தினான்.

"இல்லடா" என்றாள் புஷ்பவள்ளி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. சாவியை உருவினாள், இறங்கினாள். "கக்கூஸ் எங்க இருக்குன்னு உனக்குத்தான் நல்லாத் தெரியுமே, காட்டு" என்று திருச்செல்வத்தை முன்னால் நடக்கவிட்டு, கிளப் ஆபீசுக்குள் மறுபடியும் போனாள்.