ஜெட்டிப் பக்கம் திரும்பும் கால்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்குப் புரோத்ராபூர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று சந்தையைச் சுற்றி வந்தது. அதிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. பொறுக்கிய காயைத் தட்டிலேயே விட்டுவிட்டு, காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறேன். "தாதா! பைங்கன்!" அண்ணா, கத்தரிக்காய் என்று காய்க்காரி பின்னாலிருந்து கூப்பிட்ட பிறகுதான் நின்றேன். திரும்பிப் பார்த்து அடிகளை எண்ணினேன். இருபத்தாறு. கடல் இருக்கும் பக்கமாக இருபத்தாறு அடி.

மலைநாட்டிலேயே தங்கிவிட்ட, அல்லது கோத்தகிரிப் பக்கம் போய்விட்ட பழைய தோட்டத்துச் சொந்தங்களான உங்களுக்கு அந்தப் பாட்டைக் கேட்டால் இடுப்புதான் அசையும். 'சில்வர் டிப்ஸ்' குழுவை மறந்திருக்க மாட்டீர்கள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் ஐந்து பேர். உயர்ந்த ரகத் தேயிலையின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு, கடன் வாங்கிய ஆர்கனும் ஒரு செட் டிரம்ஸுமாக டிஸ்கோ வாசித்தார்கள். அவர்களுடைய பெரிய பாட்டு, 'சங்கு ஊதிருச்சு.' தொழிற்சாலைச் சங்கு ஊதியதும் கொழுந்துக்காரி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டு ஆட வருகிறாள், அவ்வளவுதான் பாட்டு. துக்கமோ தத்துவமோ அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. தொழிலாளர் லயத்தின் ஒரே அறைக் காம்பராவில் எட்டுப் பேர் படுத்த காலத்தில் எங்களுக்கு அது தேவையாக இருந்தது. அந்தக் குழுவுக்கு நான் ரசிகன் மட்டுமல்ல, சாமான் தூக்கியவனும்கூட. எந்தத் தோட்டத்தில், எந்த வரிசையில், எத்தனை பாட்டு என்று அப்போதே டைரியில் எழுதி வைத்தேன். அந்த டைரி இன்றும் என்னிடம் இருக்கிறது.

இரு நாட்டு அரசுகளின் ஒப்பந்தம் வந்து தோட்டத்து ஆட்களான எங்களைப் பங்கு போட்டபோது குழுவும் உடைந்தது. இருவர் நீலகிரிக்குப் போனார்கள், இருவர் அங்கேயே தங்கினார்கள். டிரம்ஸ் வாசித்த ஜெயசீலன் என்னோடு மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறிக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். அங்கே நான் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிளாக்கர். அவன் பால் வெட்டும் தொழிலாளி. மாலையில் தோட்டத்துக் கிளப்பின் ஜெனரேட்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் அவன்தான் பொறுப்பு. தீவுக்குக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் அதிக நேரம் நிற்காது. முதல் தடவை கப்பல் தெரிந்தபோது எல்லாருக்கும் சேதி சொல்ல ஜெயசீலன் ஒலிபெருக்கியைப் போட்டான். கையில் இருந்த ஒரே கேசட் அவர்களுடையதுதான். அதுவே வழக்கமாகிவிட்டது. 'சங்கு ஊதிருச்சு' கேட்டால் கப்பல் வந்துவிட்டது, பையை எடு, கப்பல் அணையும் ஜெட்டிக்கு ஓடு. அரிசி, கடிதம், மெயின்லேண்டிலிருந்து வரும் மச்சான், எல்லாம் அந்தப் பாட்டில்தான் வந்து இறங்கும். தமிழே தெரியாத தெலுங்குக்காரரும் நிக்கோபாரிகளும்கூட அதற்கு ஓடுவார்கள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு ஓடிய பெண்களை எனக்குத் தெரியும். என் மனைவி புஷ்பம் அவர்களில் ஒருத்தி.

சுனாமி முடிந்து ஏழாம் வருஷம் இப்போது. நாங்கள் பெரிய தீவுக்கு வந்து குடியேறிவிட்டோம், நான் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் சரக்கு ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்ளும் டாலி கிளார்க். ஜெயசீலன் பெரார்கஞ்சில் ஒரு பாக்குத் தோட்டத்துக் காவலாளி. மெயின்லேண்டிலிருந்து ஒரு நாடகக் குழு வந்து, வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று மாலை நாடகம் போட்டது. அதற்குத்தான் ஆட்டோ சுற்றியது. சில்வர் டிப்ஸின் பன்னிரண்டு பாட்டுகளையும் எடுத்து, அவற்றைக் கோர்க்க ஒரு கதையைச் செய்திருந்தார்கள். வெளிநாடுகளில் இப்படிப் பழைய டிஸ்கோக் குழுக்களின் பாட்டுகளை வைத்து நாடகம் போடுவது பெரிய தொழில் என்று துண்டுப் பிரசுரத்தில் பெருமையாகப் போட்டிருந்தது. கதைக்காகப் பாட்டு என்றால், அது துணி காயப்போடக் கொடி கட்டுவது மாதிரி. பாட்டு என்ற கொடிக்காகக் கதை என்ற துணி தைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு முதல் மணி அடித்தது. வெளியே இருட்டிவிட்டிருந்தது, தீவில் சூரியன் அலுவலகம் மூடுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடும். நானும் புஷ்பமும் மூன்றாம் வரிசையில் இருந்தோம். கொழுந்துக்காரி ஒருத்திக்கும் டிரம்ஸ்காரனுக்கும் காதல், கப்பல் அவர்களைப் பிரிக்கிறது, தீவில் சேருகிறார்கள். நடிகர்களின் தங்க நிறக் காற்சட்டை கண்ணைக் கூசவைத்தது. எங்கள் பையன்கள் ஆடியது காக்கித் துணியில் தைத்த பெல்பாட்டத்தில். சைக்கிள் பங்சரானதைப் பற்றிய பாட்டைக் கதாநாயகி கப்பல் தளத்தில் நின்று கண்ணீரோடு பாடினாள். பங்சர் ஒட்டும் வரியை வெட்டியிருந்தார்கள். குரல்கள் எல்லாம் கழுவிக் காயவைத்த மாதிரி இருந்தன. கேசட்டின் மூன்றாம் பாட்டு எட்டாவதாகவும், எட்டாம் பாட்டு முதலாகவும் வந்தன. இவை அற்பம் என்று நீங்கள் சொல்லலாம். பொறுத்துக்கொண்டேன். முன்வரிசையில் எங்கள் ஆட்கள் சேர்ந்து பாடினார்கள், விசில் அடித்தார்கள். என் காலும் இரண்டு இடத்தில் தாளம் போட்டது என்பதையும் எழுதி வைக்கிறேன். பாட்டுகள் அப்படிப்பட்டவை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

கடைசிக் காட்சி சுனாமி. பூமி ஆடுகிறது. டிரம்ஸ்காரன் கிளப்புக்கு ஓடி ஜெனரேட்டரின் கயிற்றை இழுக்கிறான். ஒரே இழுப்பில் அது உறுமுகிறது. 'சங்கு ஊதிருச்சு' ஒலிக்கிறது. அபாயச் சங்கைக் கேட்ட மாதிரி ஊரே இடது பக்கம் அட்டையில் வரைந்த மலைக்கு ஓடிப் பிழைக்கிறது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

திரும்பும் பஸ்ஸில் புஷ்பத்திடம், "அந்தப் பாட்டைக் கேட்டா நீ மலைக்கா ஓடுவே?" என்று கேட்டேன்.

"ஜெட்டிக்குத்தான் ஓடுவேன். நாடகம் போட்டவன் ஏதோ மாத்திட்டான், விடுங்க. எத்தனை வருசம் கழிச்சு அந்தப் பாட்டு காதுல விழுந்துச்சு, அத நெனச்சு சந்தோசப்படாம என்ன மனுசன் நீங்க!"

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நிவாரண முகாமில் ஜெயசீலன் என்னிடம் மட்டும் சொன்னது, அதையும் அந்த டைரியில் எழுதி வைத்தேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, நிலநடுக்கத்தில் சுவர்கள் விழுந்ததும் அவன் நிஜமாகவே கிளப்புக்கு ஓடினான். ஜனங்களைக் கட்டடங்களிலிருந்தும் மரங்களிலிருந்தும் வெளியே, ஜெட்டிக்குப் பக்கத்து வெட்டவெளிக்கு வரவழைக்க வேண்டும் என்று நினைத்தான். பாட்டைப் போட்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள். கயிற்றை இழுத்தான். பதினொரு தடவை இழுத்தான். ஜெனரேட்டர் பிடிக்கவில்லை. உதைத்தான், கெட்ட வார்த்தை சொன்னான், விட்டுவிட்டு மேட்டுக்கு வந்தான். கொஞ்ச நேரத்தில் ஜெட்டியும் இல்லை, வெட்டவெளியும் இல்லை. நானும் புஷ்பமும் அப்போது மேட்டு லயத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பாட்டுக் கேட்டிருந்தால் பையோடு இறங்கியிருப்போம். நாடகத்தில் நடந்தது நிஜத்தில் நடந்திருந்தால், அந்த நாடகத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் இருந்திருக்க மாட்டோம்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நாடகத்தை எழுதி இயக்கிய பிரகாஷைப் பார்க்கப் போனேன். முப்பது வயதுக்காரர், மரியாதையான மனிதர், தேநீர் கொடுத்தார். பையில் டைரி இருந்தது. எடுக்கவில்லை.

"அந்தப் பாட்டு கப்பலுக்கான பாட்டு தம்பி. கேட்டா கடல் பக்கம்தான் ஓடுவோம்."

"சார், மேடையில ஜனங்க ஓடணும். எந்தப் பக்கம் ஓடினா என்ன?"

"எங்களுக்குப் பக்கம்தான் விஷயம்."

"சங்கு ஊதிருச்சுன்னு ஒரு பாட்டு. சுனாமியில அதை வைக்காம வேற எங்க சார் வைப்பேன்? அதுவும் கட்டுக்கதை இல்ல. டிரம்ஸ்காரர் கிளப்புக்கு ஓடினதைப் பார்த்ததா முகாம்ல இருந்த ஒருத்தர் சொன்னாரு. ஜெயசீலன் ஐயாவையே கேட்டேன், பாட்டுப் போட ஓடினீங்களாமேன்னு. ஆமான்னு தலையாட்டினாரு. நாளைக்குக் கடைசி ஷோவுல அவருக்குப் பொன்னாடை போடறோம். நீங்க சொல்றது தப்புன்னா, அவர் வந்து சொல்லட்டுமே."

டைரியை எடுத்தால் நாடகத்தை நிறுத்தலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருப்பது என் நண்பன் என் தோளில் முகம் வைத்துச் சொன்னது. அதை ஊருக்குப் படித்துக் காட்டினால், 'இவன் நம்மைக் கடலுக்குக் கூப்பிடப் பார்த்தான்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளை ஜெட்டியில் பறிகொடுத்தவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

மத்தியானம் ஜெயசீலனே வந்தான். பிரகாஷ் அவனுக்குப் போன் செய்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை ஒரு பையில் மடித்து வைத்திருந்தான். "நாளைக்கிப் போட. கசங்கிடும்னு போடல," என்றான். புஷ்பம் அடுப்படிக்குப் போனதும் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"கிளாக்கரு, நீ அந்த டைரக்டருகிட்டப் போனியாமே. டைரிய எடுத்தியா?"

"எடுக்கல. பையிலதான் இருந்துச்சு."

"அதுல என்னா எழுதியிருக்க?"

"நீ சொன்னத."

"பதினொரு தடவன்னா எழுதியிருக்க?"

"ஆமா."

சிரித்தான். "எண்ணி எழுதியிருக்க பாரு, நீயெல்லாம் மனுசனா." பிறகு சட்டை இருந்த பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னான்: "ஏழு வருசமா அந்தக் கயித்த இழுத்துக்கிட்டேதான்ப்பா இருக்கேன். புடிச்சிருந்தா என்னாயிருக்கும்னு நெனச்சு நெனச்சு. வெள்ளிக்கெழம பின்னால நின்னு பாத்தேன். அந்தப் பய ஒரு இழுப்பு இழுத்தான், புடிச்சிருச்சு. ஒருத்தரும் சாகல. ஒரே ஒரு நாள் அப்பிடி இருந்துட்டுப் போகட்டுமே. நீ வாயத் தொறக்காத."

"அது பொய், சீலா. அந்தப் பாட்டும் பொய்யாகுது. அது ஆடற பாட்டு."

"பாட்டு என்னுதுய்யா. டிரம்ஸ் அடிச்சது நானு. நீ சாமான் தூக்குனவன்."

அவன் சொன்னது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாசித்தவனுக்குப் பாட்டு சொந்தம் என்றால், அதைக் கேட்டு ஓடியவர்களுக்கு என்ன சொந்தம்?

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கே அரங்கம் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை எங்களுக்குப் பதினான்காம் வரிசை, ஓரம், வலப்பக்கக் கதவுக்குப் பக்கம். கச்சாலிலிருந்து வந்த குடும்பங்கள் எங்களைச் சுற்றி இருந்தன. எனக்குப் பின் இருக்கையில் எங்கள் தெருவின் மண்டல் பாபு. வங்காளி, பாட்டின் ஒரு சொல்லும் தெரியாது, ஆனாலும் இரண்டாம் பாட்டிலேயே கைக்குட்டையை எடுத்துவிட்டார். ஜெனரேட்டர் உறுமியதும் குனிந்து என் தோளைப் பிடித்தார்.

"தாதா, யஹீ கானா ஆப் லோகோ கோ பச்சாயா, ஹைனா?"

இந்தப் பாட்டுதானே உங்களைக் காப்பாற்றியது என்று கேட்கிறார். இருட்டில் அவரிடம் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "நஹீ," என்றேன். "ஜெனரேட்டர் நே பச்சாயா." இல்லை, ஜெனரேட்டர்தான் காப்பாற்றியது.

"ஹாங், ஹாங்!" என்று மேடையைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜெனரேட்டர் பீ! ஜெனரேட்டர் பீ!" ஜெனரேட்டரும்தானாம்.

ஏழு வருஷத்தில் நான் உரக்கச் சொன்ன ஒரே உண்மை அப்படிப் போய்ச் சேர்ந்தது.

பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். ஜெயசீலன் மைக்கைப் பார்த்தான், எங்கள் பக்கம் பார்த்தான், "எனக்குப் பேச வராது, வாசிக்கிறேன்," என்றான். அது பொய்யும் இல்லை. டிரம்ஸில் உட்கார்ந்தான். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது, அவன் எடுக்கவில்லை. 'சங்கு ஊதிருச்சு'வின் முதல் நாலு அடி விழுந்தது. இயக்குநர் கழுவிய தாளம் இல்லை அது. கொஞ்சம் முந்தி விழும், ஹட்டன் பக்கத்தில் ஆட்டம் தெரியாதவனையும் தள்ளிவிடும் தாளம். மேடையில் நடிகர்கள் கொஞ்சம் தடுமாறி அதைப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். முன்வரிசைகள் எழுந்து ஆடின. மண்டல் பாபு ஆடினார். ஜெயசீலனின் முகம் இருபது வயதில் இருந்தது. அந்த முகத்தை நான் மறுக்க மாட்டேன். நாடகத்தை மன்னிக்கவும் மாட்டேன்.

அப்போது பக்கத்தில் ஏதோ உரசியது. புஷ்பம் எழுந்து நின்றிருந்தாள். ஆடவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தாள். அவளுக்கு முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் ஒரு கிழவர், பக்கத்து வரிசையில் நாலைந்து பேர். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. எல்லாரும் வலப்பக்கக் கதவைப் பார்த்து அரை அடி நகர்ந்திருந்தார்கள். அந்தக் கதவுக்கு வெளியே சாலை. சாலை இறங்கினால் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி.

புஷ்பம் தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கணக்கு ஒன்று மெதுவாகக் கூடி வருவதைப் பார்த்தேன். "அன்னிக்கி அவரு பாட்டுப் போட ஓடினாருன்னா, நாம ஜெட்டிக்கில்ல..." என்று ஆரம்பித்தாள். டிரம்ஸ் சத்தம் மீதியை விழுங்கிவிட்டது.

மேடையில் அட்டை மலை இடது பக்கம் இருந்தது. அரங்கம் முழுவதும் அதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. நானும் தட்டினேன், என் நண்பனுக்காக. தட்டும்போதே குனிந்து பார்த்தேன். என் வலது கால் வரிசையை விட்டு வெளியே, நடைபாதையில், கதவைப் பார்த்து இருந்தது.