செபமாலைக்குப் பிறகு சொல்லும் பெயர்கள்

மெழுகுதிரி ஏற்றிய தீக்குச்சியை மனைவி ஊதி அணைத்தாள். மொன்றியல் குளிருக்காக எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்த அறையில் அந்தப் புகை மணம் போக வழியில்லாமல் நின்றது.

"இஞ்சேருங்கோ, செத்தவையின்ர பேரை இண்டைக்குக் கொஞ்சம் சுருக்குங்கோ. முழங்கால் நோகுது."

யாழ்ப்பாணத்து வீட்டிலும் மாலைச் செபம் இதே மணத்தோடுதான் தொடங்கும். சீமெந்துத் தரையின் குளிர் முழங்காலில் ஏறும். செபமாலை முடிந்ததும் ஐயா இறந்துபோன உறவினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஆளுக்கொரு மங்கள வார்த்தைச் செபம் சொல்வார்; முதற் பாதி அவர், 'எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்' என்று முடியும் மறுபாதி நாங்கள். நான் பசியோடு எண்ணிக்கொண்டிருப்பேன். பதினான்கு பேர்.

"அவையெல்லாம் எப்பவோ மோட்சத்துக்குப் போயிருப்பினம். பிள்ளையள் பசி கிடக்குதுகள்," என்பார் அம்மா.

"போகேல்லையெண்டால்?" என்பார் ஐயா, கண்ணைத் திறக்காமல்.

இப்போது ஐயாவையும் அம்மாவையும் சேர்த்து முப்பத்தொரு பேர். எனக்கும் களைப்புத்தான். நான் முகமே காணாத அந்தப் பதினான்கு பேரையும் விட்டுவிடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் யோசித்தாள். "நாங்கள் செத்தாப் பிறகு எங்கட பேரை ஆர் சொல்லுவினம்?"

ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் இருக்கும் மகனுக்குச் செபம் பாதிதான் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழே வராது.

"ஒருத்தரும் சொல்லாயினம்," என்றேன்.

"அப்ப ஒருத்தரையும் விடவேண்டாம். எங்கட ரெண்டு பேரையும் சேர்த்து இப்பவே சொல்லுங்கோ."

முப்பத்திரண்டாவதாக அவள் பெயரைச் சொல்லி முதற் பாதியை முடித்தேன். மறுபாதியை அவள், மற்றவர்களுக்குச் சொன்னதைவிட நிதானமாகவே சொன்னாள்.