லேடி டாக்டர் மாற்றிய ரத்தம்

எனக்கு முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தது. அடுத்த இரண்டும் மஞ்சள் பூத்து மறுநாளே இறந்தன. நாலாவதுக்குத் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோதுதான் அந்த லேடி டாக்டரைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு, ஆண்பிள்ளைக் கைக்கடிகாரம். யார் பேசினாலும் அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டே கேட்பார்.

"இவ வயிறு சரியில்லம்மா. மகனுக்கு வேற பொண்ணு பாக்கப் போறோம்" என்றார் என் மாமியார்.

"வயித்துல கோளாறு இல்ல. பிள்ளைக்கு அப்பன் வழியா வந்த ரத்தம் இவ உடம்புக்கு ஆகல" என்றார் டாக்டர்.

இதுவும் மஞ்சளாகவே பிறந்தது. டாக்டர் அன்றே பிள்ளையின் ரத்தத்தை எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றினார். பிள்ளை பிழைத்தான்.

"எங்க வம்ச ரத்தம்ல, அம்புட்டு லேசுல போயிருமா?" என்று மாமியார் வார்டு முழுக்கப் பெருமை பேசினார்.

"அதைத்தாம்மா எடுத்துக் கொட்டினேன். இப்ப ஓடுறது தோல் மண்டி பாய் குடுத்த ரத்தம்" என்றார் டாக்டர்.

மாமியார் பேரனை மடியிலிருந்து இறக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. டாக்டர் உள்ளுக்குள் சிரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.