அண்ணன் இருந்த இரண்டு இடாப்புகள்

ஒஸ்லோவில் என் வேலை ஆட்களை அழிப்பது. பயந்துவிடாதீர்கள், கணினியில்தான். மேசை, கதிரை என்று தளபாடம் விற்கும் கம்பனி ஒன்றில் விற்பனைப் பிரிவிடம் ஒரு பட்டியல், விநியோகப் பிரிவிடம் ஒன்று, திருத்த வேலைக்காரரிடம் இன்னொன்று. மூன்றிலும் கிடக்கும் ஒரே ஆளைப் பிடித்து ஒரு பதிவாக்கி, மிச்சத்தை நீக்க வேண்டும். மிஞ்சுவதற்குத் 'தங்கப் பதிவு' என்று பெயர். நீக்கியதும் திரை 'தக்' என்று நன்றி வேறு சொல்லும்!

நேற்றுத் திரையில் ஒரு மனிதர் வந்தார். நகரத்தில் ஒரு வீடு, மலையில் ஒரு 'ஹித்தெ', அதாவது விடுமுறைக் குடில். என் விரல் நின்றுவிட்டது. மேலாளர் இங்ரிட் எட்டிப் பார்த்து, "இரண்டில் எது சரி?" என்றாள். "இரண்டும்" என்றேன். மொழி விளங்கவில்லை என்று நினைத்து, சிறுபிள்ளையிடம் கேட்பதுபோல மெதுவாக மறுபடி கேட்டாள்.

எப்படிச் சொல்வேன் அவளுக்கு? பல வருடங்களுக்கு முன், சண்டை நடந்த எங்கள் ஊர் கிரானில், கிராம அலுவலரான விதானையாரின் கந்தோரில் நான் இடாப்பு எழுதினேன்; எந்த வீட்டில் யார் யார் என்ற பதிவேடு. படையினர் சுற்றிவளைத்தால் அந்த இடாப்போடுதான் வீடு வீடாக வருவார்கள். பேர் இல்லாமல் வீட்டில் நிற்கும் ஆண் வெளியிலிருந்து வந்த போராளி என்பார்கள். அவன் கதை முடிந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டுக்குப் போய்விடுவான். அண்ணனும் அமிர்தகழிக்குப் போய், அங்கேயும் பதிந்துகொண்டான். ஒரு ஆளுக்கு ஒரு வீடுதான், எல்லா இடாப்பும் ஒத்திருக்க வேண்டும் என்று மேலிடத்துக் கடிதம் வந்தது. முதலில் என் வீட்டையே திருத்தினேன்; அண்ணனின் பேரைச் சிவப்பு மையால் வெட்டினேன். அவ்வளவு நேர்மை எனக்கு!

அம்மா ஏசினாள். "ஏன்கா வெட்டினாய்? இரிக்கட்டுமே. பேர் என்ன சோறா கேக்குது?"

"ஒரு ஆள் எப்பிடியம்மா ரெண்டு வீட்டில இரிக்கிற?" என்றேன்.

வேளாண்மை வெட்டுக்கு, நெல் அறுக்க, அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தான். மறுநாள் விடியச் சுற்றிவளைப்பு. முற்றத்தில் இடாப்பை விரித்த படையினன், அண்ணன் பேரின் மேலிருந்த சிவப்புக் கோட்டில் விரலை வைத்தான். "இது நான் பிறந்த வீடு ஐயா" என்றான் அண்ணன். "நான்தான் வெட்டினன், அவர் என்ட அண்ணன்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? கொண்டு போய்விட்டார்கள். அமிர்தகழி இடாப்பின் பிரதியோடு அண்ணனின் பெண்சாதி, என் மச்சாள், முகாம் முகாமாக அலைந்தாள். அவன் வரவேயில்லை. அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு அது. அடி பாவி, அவ்வளவு நேராகவா கீறினாய் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன்.

அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. நேற்று மாலை அம்மா ரெலிபோன் எடுத்தாள்.

"புது விதானையார் வந்தவர்கா. மகள் வெளிநாட்டில தானே, பேர வெட்டவா எண்டார். இரிக்கட்டும் எண்டன். அண்ணன்ட பேரையும் மறுகா எழுதுவிச்சன்."

"அமிர்தகழியிலயும் இரிக்கே, அம்மா."

"இரிக்கட்டுமே. எந்த வீட்டுக்கு வந்தாலும் புள்ள உள்ள வரோணும்."

இன்று காலை அந்த மனிதரின் இரண்டு வீடுகளையும் அப்படியே விட்டுவிட்டேன். இங்ரிட் ஏசுவாள், ஏசட்டும். இந்த நாட்டுப் பதிவில் நான் ஒருத்தி. கிரான் இடாப்பில், அண்ணனின் பேருக்குக் கீழே, இன்னொருத்தியாகவும் இருக்கிறேன்.