ஆட்டு முளையில் கட்டிய கூடாரம்

மே மாதத்துச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு வேலூரிலிருந்து காரில் கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரரும். டிக்கியில் என் பச்சைக் கூடாரம். கல்லூரி என்.சி.சி. முகாமில் பிடித்த கூடாரப் பைத்தியம் ஐம்பத்தாறு வயதிலும் என்னை விடவில்லை. ஆனால் போன வருஷம் வழுக்கி விழுந்து, முறிந்த காலுக்குள் பிளேட் வைத்ததிலிருந்து நான் தரையில் உட்காரவே இல்லை. டாக்டர் உட்காரலாம் என்றுதான் சொன்னார். பயம் விட்டால்தானே!

"தரையில உக்காந்து, யார் கையும் பிடிக்காம எழுந்திரு. முடியலன்னா கூடாரத்தை யாருக்காவது குடுத்துடலாம்" என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "குடுத்துதான் பாருங்களேன்" என்று வீறாப்பாகப் பதில் சொன்னேன். உள்ளுக்குள் ஒரே உதறல்.

ஒடுகத்தூரில் டீ, பன்னிரண்டு ரூபாய். ஆலங்காயம் தாண்டி மலைப்பாதை ஏறியதும் ஜன்னலைத் திறந்துவிட்டோம். காவலூரைக் கடந்து சிறிது தூரத்தில் செல்வியின் நிலம். முன்பொரு பயணத்தில் அவளிடம் புளி வாங்கியதில் வந்த பழக்கம். சாமைச்சோறும் குழம்பும் போட்டாள்.

"எங்கன்னா போட்டுக்கங்கம்மா. நான் போய்ட்டு ஆட்டை ஓட்டிக்கினு வர்றேன்" என்று போய்விட்டாள்.

வெயிலில் இறுகிய தரையில் எங்கள் ஆணிகள் இறங்க மறுத்தன. பலா மரத்தடியில் பெருக்கி வைத்த சமதரை, சுற்றிலும் ஆழமாக அடித்த மர முளைகள். விடுவேனா? கயிறுகளை அவற்றில் இழுத்துக் கட்டினேன். இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா என்று பெருமை வேறு. இவர் கையைப் பிடித்து உள்ளே இறங்கிப் படுத்தேன். இவர் காரில் போய்ச் சாய்ந்துகொண்டார். நல்ல காற்று, எனக்குக் கண் அசந்துவிட்டது.

ஐந்தரை மணி இருக்கும். கூடாரம் ஒரு குலுங்கு குலுங்கியது. மறு நிமிஷம் கூரை என் முகத்தின்மேல் விழுந்தது. "ஐயோ, கரடி!" என்று அலறியபடி துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பார்த்தால் ஆடுகள்! ஆளுக்கொரு முளையருகே நின்று, என்னை வேற்றாள்போல் முறைத்தன. ஒரு கிடா கயிற்றில் கால் சிக்கித் துள்ளிக்கொண்டிருந்தது.

செல்வி ஓடி வந்தாள். "இன்னாம்மா இது, ஆட்டு முளையில போய்க் கட்டிக்கிறீங்க? அதுங்க தன் எடத்தை வுடுமா?"

காரிலிருந்து இறங்கி ஓடி வந்த இவர் மட்டும் ஆட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏய், நீயா எழுந்து வந்துட்டே!"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனாலும் மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அது பயத்துல எழுந்தது. கணக்குல சேராது."

வந்ததே கோபம். அதே மண்ணில் சட்டென்று உட்கார்ந்தேன். செல்வி கை நீட்டினாள். "தொடாதே!" என்றேன். கையை ஊன்றி, முட்டி போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தேன். கால் தாங்கியது. அப்பாடா! ஒரு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. அங்கேயே அழுதுவிட்டேன். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை, ஆடு முட்டிவிட்டதோ என்று என் காலைத் தடவிப் பார்த்தாள்.

இரவு வேறிடத்தில் கூடாரம் போட்டுத் தூங்கினோம். ஞாயிறு மதியம் வேலூர் வந்து சேர்ந்தபோது அனல் வீசியது. பைகளை வீட்டுக்குள் எடுத்து வைத்த இவர், கூடாரத்தை மட்டும் தொடவில்லை.

"அதை எடுக்கலையா?" என்றேன். மறுபடியும் லேசாக உதறல்.

டிக்கியை அடித்துச் சாத்தினார். "வண்டியிலேயே கெடக்கட்டும். அடுத்த வாரம் திரும்ப ஏத்தணுமில்ல?"